விதிப்புத்தகத்தில் ஏற்கெனவே இருந்த கோல்கள்

வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.லில் 2003-04 பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக விழுந்த கோல்கள் 5.14. இரண்டு அணிகளும் சேர்ந்து அடித்த கணக்கு இது. 1981-82இல் இதே கணக்கு 8.03. ஏறத்தாழ இருபது வருடங்களில் ஆட்டத்துக்கு மூன்று கோல்கள் காணாமல் போயிருந்தன. அவற்றைத் திரும்பக் கொண்டுவர லீக் என்னென்ன செய்தது, அதில் எது பலித்தது என்று எழுத வேண்டும் என ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். டொராண்டோவில் இருப்பவனுக்கு இந்தப் பேச்சிலிருந்து தப்ப வழியில்லை. அலுவலக மதிய உணவிலும், பிள்ளைகளைப் பயிற்சிக்கு அழைத்துவரும் பெற்றோர் நிற்கும் ரிங்க் வாசலிலும், கோல் குறைந்தால் எல்லோரும் விதியை மாற்றச் சொல்வார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பனித்தளத்தில் கோடுகளை நகர்த்தியதால் வந்த கோல்கள் கொஞ்சம்தான். ஏற்கெனவே புத்தகத்தில் எழுதியிருந்த விதியை நடுவர்கள் மனசாட்சியோடு அமல்படுத்தியபோதுதான் ஆட்டம் திறந்துகொண்டது. அவர்கள் கை தளர்ந்ததும் மறுபடி மூடிக்கொண்டது.

ஹாக்கி பார்த்திராதவர்களுக்காகக் களத்தைப் பற்றிச் சில வரிகள். 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட பனித்தளம். நடுவில் ஒரு சிவப்புக் கோடு, அதற்கு இருபுறமும் ஒவ்வொரு நீலக் கோடு. நீலக் கோடுகளுக்கு இடைப்பட்டது நடுப்பகுதி. அணிக்கு ஐந்து பேர் சறுக்குவார்கள், ஒருவர் கோல் காப்பார், அவர்தான் கோலி. கோல் 6 அடி அகலம், 4 அடி உயரம். பந்துக்குப் பதில் பக் என்ற ரப்பர் வட்டு. யாராவது சிறு குற்றம் செய்தால் இரண்டு நிமிடம் பெனால்டி பாக்ஸில் உட்கார வேண்டும். அந்த நேரம் எதிரணிக்கு ஓர் ஆள் அதிகம். இதற்குப் பெயர் பவர் பிளே.

கபடியில் எதிராளியைப் பிடிப்பதுதான் ஆட்டமே. ஹாக்கியில் பிடிப்பது குற்றம். ஸ்டிக்கின் வளைந்த முனையை எதிராளியின் இடுப்பிலோ கையிலோ கொக்கிபோல மாட்டி இழுப்பது ஹுக்கிங். கையால் பிடித்து நிறுத்துவது ஹோல்டிங். பக் இல்லாத ஆளை வழிமறிப்பது இன்டர்ஃபியரன்ஸ். இவையெல்லாம் பல பத்தாண்டுகளாகவே தண்டனைக்குரிய குற்றங்கள். ஆனால் 1990களில் நடுவர்கள் இவற்றில் பாதியைக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஊதினால் ஆட்டம் நின்று நின்று நடக்குமே என்ற தயக்கம். கடைசிப் பத்து நிமிடத்தில் ஊதினால் ஆட்டத்தின் முடிவை நடுவரே தீர்மானித்துவிட்டதாகப் பழி வரும் என்ற பயம். இந்தத் தயக்கத்தின் லாபம் முழுக்க மெதுவாகச் சறுக்குபவனுக்குப் போனது. வேகமாக வருபவனின் இடுப்பில் ஸ்டிக்கை மாட்டிக்கொண்டு பின்னாலேயே சவாரி செய்தால் போதும்.

மரியோ லெமியூ அந்தக் காலத்தின் மகத்தான ஆட்டக்காரர். 1988-89இல் கோலும் அசிஸ்டும், அதாவது கோலுக்கு வழிசெய்த பாஸும், சேர்த்து 199 புள்ளிகள் எடுத்தவர். அவரே 1992இல் இதைக் கண்டித்து, இது ஒரு கராஜ் லீக், அதாவது மட்டமான லீக், என்று வெடித்தார். லீக் அவருக்கு அபராதம் போட்டது. 1997இல் அவர் முதல் முறை ஓய்வு பெற்றபோது, அந்த வருடமும் புள்ளிப் பட்டியலில் அவர்தான் முதலிடம். உச்சத்தில் இருக்கும் ஒருவர், என்னை ஆட விடமாட்டேன் என்கிறார்கள் என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு லீக் அதைக் கேட்டிருக்க வேண்டாமா? இதை இன்று நினைத்தாலும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இதே சமயத்தில் வந்தது நடுப்பகுதிப் பொறி, அதாவது டிராப். நியூ ஜெர்சி டெவில்ஸ் அணியின் பயிற்சியாளர் ஜாக் லெமேர் இதைத் துல்லியமாகச் செய்துகாட்டினார். எதிரணியை விரட்டிப் போகாமல், நடுப்பகுதியில் ஆட்களை அடுக்கி நிறுத்தி, பக்கைக் கொண்டுவருபவனைச் சுவரோரமாக ஒதுக்கி அங்கே பறிப்பது. லீகின் பட்டமான ஸ்டான்லி கோப்பையின் 1995 இறுதியில் அந்த வருடத்தின் பலம்வாய்ந்த டெட்ராய்ட் அணியை டெவில்ஸ் நான்கு ஆட்டங்களிலும் வென்று 4-0 என்று தோற்கடித்ததும் மற்ற பயிற்சியாளர்கள் பாடம் படித்துக்கொண்டார்கள். திறமை குறைந்த அணிக்கும் இது வழி காட்டியது. லீக் 1990களில் வேகமாக விரிந்து, 21 அணிகள் 30 அணிகளாகிவிட்டன. புது அணிகளுக்குக் கோல் அடிக்கத் தெரிந்தவர்கள் கிடைப்பது கஷ்டம். தடுக்கச் சொல்லிக்கொடுப்பது சுலபம்.

டிராப்பை நான் குறை சொல்லவில்லை. அது மூளையால் ஆடும் ஆட்டம், அதை உடைக்கவும் மூளை வேண்டும். ஆனால் டிராப்பும் ஹுக்கிங்கும் சேர்ந்தபோதுதான் ஆட்டம் உறைந்துபோனது. பொறியைத் தாண்டி ஒருவன் நழுவினால், அவன் இடுப்பில் ஒரு ஸ்டிக் தயாராக இருக்கும். 2003 பிளே-ஆஃபில், அதாவது பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில், மினசோட்டா அணி, அதற்கும் பயிற்சியாளர் அதே லெமேர்தான், அனஹைமுக்கு எதிரான நான்கு ஆட்டங்களில் மொத்தம் ஒரே ஒரு கோல் அடித்தது. கோப்பை இறுதிக்கு முந்தைய சுற்றில், நான்கு ஆட்டங்களுக்கு ஒரு கோல்.

இந்த லீக் முன்பும் ஒருமுறை இப்படி உறைந்திருக்கிறது. அந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1928-29இல் மான்ட்ரியலின் கோலி ஜார்ஜ் ஹெய்ன்ஸ்வர்த் 44 ஆட்டங்களில் 22இல் ஒரு கோல்கூட விடவில்லை. இரண்டு அணிகளும் சேர்ந்து ஆட்டத்துக்கு மூன்று கோலுக்கும் குறைவு. புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்த டொராண்டோவின் ஏஸ் பெய்லி எடுத்தது வெறும் 32 புள்ளிகள். அதுவரை எதிரணிப் பகுதிக்குள் பக்கை முன்னோக்கிப் பாஸ் செய்யவே அனுமதி கிடையாது. 1929-30இல் களத்தின் எல்லாப் பகுதிகளிலும் முன்னோக்கிப் பாஸ் செய்யலாம் என்று மாற்றினார்கள். உடனே ஆட்டக்காரர்கள் எதிரணிக் கோலின் வாயிலிலேயே போய் நின்றுகொண்டு பக் வரட்டும் என்று காத்திருந்தார்கள். கோல்கள் கொட்டின. டிசம்பர் மத்தியில், பருவத்தின் நடுவிலேயே, லீக் விழித்துக்கொண்டு இன்னொரு விதியைச் சேர்த்தது: பக் நீலக் கோட்டைத் தாண்டுவதற்கு முன் ஆள் தாண்டக் கூடாது. இன்றைக்கு நாம் பார்க்கும் ஆஃப்சைடின் அடிப்படை அதுதான். அந்தப் பருவத்தின் மொத்தச் சராசரி முந்தைய வருடத்தைப் போல இரண்டு மடங்கு. பாஸ்டனின் கூனி வெய்லண்ட் 73 புள்ளிகள் எடுத்தார்.

நூறு வருட வரலாற்றில் இவ்வளவு பெரிய பலன் தந்த மாற்றம் வேறெதுவும் இல்லை. அன்று யாரும் கோலைப் பெரிதாக்கவில்லை, கோலியின் கையைக் கட்டவில்லை. இன்னொருவனுக்குப் பாஸ் கொடுக்கும் உரிமையைத் தாக்குபவனுக்குக் கொடுத்தார்கள். மிஞ்சிப்போனதை உடனே திருத்தவும் செய்தார்கள். விதி மாற்றம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன்.

எதிர்த்திசையில் போன மாற்றமும் உண்டு. 1955 நவம்பர் 5 அன்று மான்ட்ரியலின் ஜான் பெலிவோ பாஸ்டனுக்கு எதிராக ஒரே பவர் பிளேயில் 44 வினாடிகளில் மூன்று கோல்கள் அடித்தார். அப்போதெல்லாம் எத்தனை கோல் விழுந்தாலும் தண்டனை பெற்றவர் இரண்டு நிமிடமும் உட்கார்ந்தே ஆக வேண்டும். மான்ட்ரியலின் பவர் பிளேயைத் தாங்க முடியாத மற்ற அணிகள், 1956-57 முதல் ஒரு கோல் விழுந்ததும் அவர் வெளியே வரலாம் என்று மாற்றிவிட்டன. மான்ட்ரியல் மட்டும் எதிர்த்து வாக்களித்தது. ஆறு அணிகள் மட்டுமே இருந்த லீகில் ஓர் அணி அளவுக்கு மீறி நன்றாக ஆடியதற்காக வந்த விதி, அந்த அணியின் ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஓய்வு பெற்ற பிறகும் அப்படியே இருக்கிறது.

சரி, 2005க்கு வருவோம். 2004-05 பருவம் முழுவதும் கதவடைப்பில் போனது. முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் சம்பள உச்சவரம்புச் சண்டை. ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. அந்த வெறுமையான குளிர்காலத்தில், டிசம்பரில், டெட்ராய்ட்டின் பிரெண்டன் ஷானஹன் இங்கே டொராண்டோவில் ஒரு கூட்டம் கூட்டினார். ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், நடுவர்கள், அணி நிர்வாகிகள், தொலைக்காட்சிக்காரர்கள் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஆட்டத்தை எப்படிச் சரிசெய்யலாம் என்று பேசினார்கள். சம்பளத் தகராறில் இரு தரப்பும் முகம் கொடுத்துப் பேசாத நேரத்தில் ஓர் ஆட்டக்காரர் தானாக முன்வந்து இதைச் செய்தார். இதற்காகவே அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

அடுத்த பருவம் தொடங்கியபோது விதிகள் மூட்டையாக வந்தன. சொந்தப் பகுதியிலிருந்து நீலக் கோட்டையும் சிவப்புக் கோட்டையும் தாண்டி நேராகப் பாஸ் கொடுப்பதற்கு இருந்த தடை போனது. கோல் கோட்டைப் பின்சுவர்ப் பக்கம் இரண்டடி நகர்த்தினார்கள், நடுப்பகுதியைச் சுருக்கினார்கள், தாக்குபவர்களின் பகுதி நீண்டது. ஐசிங் செய்த அணி, அதாவது நெருக்கடியில் பக்கைக் களத்தின் மறுகோடிக்கு அடித்துத் தள்ளிய அணி, களைத்த ஆட்களை மாற்ற முடியாது. சொந்தப் பகுதியிலிருந்து பக்கைக் கண்ணாடிக்கு மேலே பார்வையாளர்கள் பக்கம் அடித்தால் இரண்டு நிமிடத் தண்டனை. கோலியின் கால்காப்பு 12 அங்குல அகலத்திலிருந்து 11 ஆனது. சமநிலையில் முடிந்தால் ஷூட்-அவுட். எல்லாவற்றுக்கும் மேலாக, ஹுக்கிங், ஹோல்டிங், இன்டர்ஃபியரன்ஸ் மூன்றுக்கும் இனிச் சலுகையே கிடையாது என்று நடுவர்களுக்கு உத்தரவு.

இவற்றில் ஐசிங் மாற்றம் அற்புதம். மூச்சு வாங்க நிற்கும் ஐந்து பேர் அப்படியே நின்று தடுத்தாக வேண்டும். எதிரணி புது ஆட்களை இறக்கலாம். தப்பிக்க எடுத்த குறுக்குவழிக்கு ஆட்டத்துக்குள்ளேயே விலை வைத்துவிட்டார்கள், தண்டனைப் பெட்டி தேவைப்படவில்லை. கோலின் பின்னால் கோலி பக்கைத் தொடக்கூடிய இடத்தைச் சரிவகமாகக் கோடு போட்டுக் குறுக்கியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. டெவில்ஸின் மார்ட்டின் புரோடூர் பக்கைக் கையாள்வதில் ஒரு தடுப்பாட்டக்காரரைப் போலத் தேர்ந்தவர். எதிரணி மூலையில் தள்ளிவிடும் பக்கை அவரே எடுத்து முன்னால் அனுப்பிவிடுவார். அது ஒரு கலை. பல வருட உழைப்பால் வந்த கலையைக் கோடு போட்டுத் தடுப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

பலன் உடனே தெரிந்தது. 2005-06இல் ஆட்டத்துக்குச் சுமார் ஆறு கோல்கள். 2003-04இல் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்த மார்ட்டின் செயின்ட் லூயி எடுத்தது 94. அதிகக் கோல் அடித்த மூவர் ஆளுக்கு 41 கோல்களோடு சமநிலையில் நின்றார்கள். 2005-06இல் ஜோ தோர்ன்டன் 125 புள்ளிகள், யாகர் 123, ஜோனதன் சீச்சூ 56 கோல்கள். முதல் வருடம் ஆட வந்த அலெக்ஸ் ஒவெச்கின் 52 கோல்களோடு 106 புள்ளிகள். பதினெட்டு வயது சிட்னி கிராஸ்பி 102. இந்த இரண்டு இளைஞர்களும் பத்து வருடம் முன்னால் வந்திருந்தால் இடுப்பில் ஸ்டிக்கோடுதான் ஆடியிருப்பார்கள்.

ஆனால் இந்தக் கூடுதல் கோல்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் கதை மாறுகிறது. 2003-04இல் ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் நான்குக்குச் சற்று மேல் பவர் பிளே வாய்ப்புகள் கிடைத்தன. 2005-06இல் அது ஆறை நெருங்கியது. கூடிய கோல்களில் பெரும்பகுதி அங்கேதான் விழுந்தது. ஐவருக்கு ஐவர் ஆடும் நேரத்தில் ஏற்றம் சிறியதுதான். கோடுகளை நகர்த்தியது, சிவப்புக் கோட்டுப் பாஸைத் திறந்தது எல்லாம் சேர்ந்தும் தந்தது கொஞ்சம். விசில் தந்தது நிறைய.

நீண்ட பாஸைத் திறந்ததற்குப் பயிற்சியாளர்கள் பதில் கண்டுபிடிக்க நாளாகவில்லை. நீளமான பாஸ் வரப்போகிறது என்றால் தடுப்பாட்டக்காரர்களைப் பின்னால் தள்ளி நிறுத்திக்கொள்ளலாம். தாக்கும் அணியும், நெருக்கடியில் பக்கைச் சிவப்புக் கோட்டில் நிற்பவனுக்கு நீளமாக அனுப்ப, அவன் ஸ்டிக்கில் லேசாகத் தட்டி மூலைக்குள் தள்ளிவிடுவது வழக்கமாயிற்று. அழகாகப் பாஸ் கொடுத்து முன்னேறுவதற்காகத் திறந்த வாசல் வழியாகத் தள்ளுமுள்ளு உள்ளே வந்தது.

அப்புறம், விசிலும் மெல்ல ஓய்ந்தது. ஒரு காரணம் நல்லது: ஆட்டக்காரர்கள் ஸ்டிக்கைக் கீழே வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார்கள். இன்னொரு காரணம் பழைய தயக்கம். 2014-15இல் ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு மூன்று பவர் பிளே கிடைப்பதே பெரிது. அந்த வருடம் டல்லாஸின் ஜேமி பென் 87 புள்ளிகளோடு முதலிடம் பிடித்தார். செயின்ட் லூயியின் 94ஐவிடவும் குறைவு. அத்தனை விதிகளும் புத்தகத்தில் அப்படியே இருந்தன. சிவப்புக் கோட்டுத் தடை இல்லை, கோல் கோடு நகர்ந்த இடத்திலேயே இருந்தது. கோல்கள் மட்டும் போய்விட்டன. இதைவிடத் தெளிவான சாட்சி எனக்கு வேண்டாம்.

கோலிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. வெறும் கணக்காகப் பார்த்தால் கோல் குறைந்ததற்கு மிகப் பெரிய காரணம் அவர்கள்தான். 1980களின் தொடக்கத்தில் நூறு ஷாட்டில் சுமார் 87ஐ நிறுத்தினார்கள், 2003-04இல் 91ஐ. மான்ட்ரியலில் பேட்ரிக் ருவாவும் அவருடைய பயிற்சியாளர் பிரான்சுவா அலேரும் பரப்பிய பட்டர்ஃபிளை முறை, அதாவது முழங்காலில் இறங்கிக் கால்காப்புகளை இருபுறமும் விரித்துக் கோலின் கீழ்ப்பகுதியை மொத்தமாக அடைப்பது, உலகம் முழுக்கப் பரவியது. கூடவே காப்புகளும் ஊதிப்பெருத்தன. உடம்பைக் காக்க வேண்டிய கவசம் கோலை அடைக்கும் பலகையானது. லீக் 2005இல் கால்காப்பைக் குறைத்தது, 2017இல் கால்சட்டையை, 2018இல் மார்புக் கவசத்தை. இது சரியான வேலை, இன்னும் முன்னாலேயே செய்திருக்க வேண்டும். திறமையை யாராலும் மறக்க வைக்க முடியாது. திறமைபோல வேடமிடும் துணியையும் பஞ்சையும் எடுத்துவிட முடியும்.

கோலையே பெரிதாக்கலாம் என்று சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். என்னோடு வேலை பார்க்கும் ஒரு நண்பர், சின்ன வயதில் கோலியாக ஆடியவர், ஒருமுறை காப்பி குடிக்கும்போது என்னிடம் வாதாடினார். “கோலி வளர்ந்துட்டான், கோலும் வளரணும்ல?” என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 6 அடிக்கு 4 அடி என்ற அளவில்தான் ஹெய்ன்ஸ்வர்த்தும் ருவாவும் நின்றார்கள். அந்தச் சட்டத்தை மாற்றினால் முன்னால் நடந்த எதையும் பின்னால் நடப்பதோடு ஒப்பிட முடியாது. 2025 ஏப்ரலில் ஒவெச்கின் தன் 895ஆவது கோலை அடித்து வெய்ன் கிரெட்ஸ்கியின் 894ஐத் தாண்டினாரே, அந்த நாளுக்கு அர்த்தம் வந்ததே இருவரும் ஒரே அளவுள்ள கோலைப் பார்த்து அடித்ததால்தான்.

2017-18இல் லீக் ஸ்லாஷிங்கைப் பிடித்தது. பக் வைத்திருப்பவனின் கையில் ஸ்டிக்கால் சொடேரென்று தட்டுவது அதுவரை சாதாரணம். விரல்கள் உடைந்தன, தட்டு வாங்கியவன் பக்கை இழந்தான், நடுவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதை ஊதத் தொடங்கியதும் கைத்திறன் உள்ளவர்களுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. இங்கேயும் புதிதாக எழுதியது எதுவும் இல்லை. சின்ன உடம்போடு, மின்னல் வேகத்தோடு ஒரு புதிய தலைமுறையும் அதே சமயம் வந்துசேர்ந்தது. 2022-23இல் ஆட்டத்துக்கு ஆறு கோலுக்கு மேல். கானர் மெக்டேவிட் 153 புள்ளிகள். அடுத்த வருடம் எங்கள் ஊர் அணியின் ஆஸ்டன் மேத்யூஸ் 69 கோல்கள். பெருமையை அடக்க முடியவில்லை, மன்னிக்கவும்.

இன்றும் என்னைக் கோபப்படுத்துவது பிளே-ஆஃப். அக்டோபரில் ஹுக்கிங்காக இருந்தது மே மாதத்தில் ‘கடுமையான ஆட்டம்’ ஆகிவிடுகிறது. வர்ணனையாளர்களே நடுவர்கள் ஆட விடுகிறார்கள் என்று பாராட்டுகிறார்கள். யாரை ஆட விடுகிறார்கள்? மெக்டேவிட்டையா, அவர் கையைப் பிடித்துத் தொங்குபவரையா?

புதிதாக ஏதாவது செய்துபார்க்கும் துணிச்சலை இப்போது பெண்கள் லீகில்தான் பார்க்கிறேன். தொழில்முறைப் பெண்கள் ஹாக்கி லீக் 2024 ஜனவரி 1 அன்று டொராண்டோவில்தான் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் நியூ யார்க் எங்களை 4-0 என்று வென்றது. அங்கே ஜெயில்பிரேக் என்று ஒரு விதி: ஓர் ஆள் குறைவாக ஆடும் அணி கோல் அடித்துவிட்டால், பெனால்டி பாக்ஸில் இருப்பவர் அப்போதே விடுதலை. வழக்கமாக ஆள் குறைந்த அணி பக்கை மறுகோடிக்கு அடித்துத் தள்ளி நேரத்தைக் கடத்தும். இங்கே நால்வரும் வாய்ப்புக் கிடைத்தால் பாய்கிறார்கள். எதிரணியும் எச்சரிக்கையாகத் திரும்பி ஓடுகிறது. பவர் பிளே நேரம் இரண்டு பக்கமும் கோல் விழக்கூடிய நேரமாகிறது. 2024-25இல் இன்னொன்றைச் சேர்த்தார்கள். குற்றம் செய்த அணி, தண்டனை அறிவித்ததும் களத்தில் இருக்கும் ஆட்களை மாற்ற முடியாது. நடுவர் பக்கைக் கீழே போட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்கும்வரை அதே ஆட்கள், அதே களைப்போடு நிற்க வேண்டும். என்.எச்.எல். ஐசிங்குக்குச் செய்ததை இவர்கள் தண்டனைக்கும் நீட்டியிருக்கிறார்கள். ஆள் குறைந்த நால்வரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் பயிற்சியாளர் கையிலிருந்து போய்விடுகிறது. தடுப்பாட்டத்தில் தேர்ந்தவர்களை இறக்கலாம் என்றால் முதல் பக் விழுந்து ஆட்டம் நகரும்வரை காத்திருக்க வேண்டும். பவர் பிளேயின் முதல் இருபது, முப்பது வினாடிகளை இனி நான் எழுந்து போகாமல் பார்க்கிறேன்.